டீச்சர், இதை ஆன்லைனில் வாங்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் கரும்பலகைக்கு வேலை இல்லாமல் போனபோது லேப்டாப், மைக், ஹெட்போன் என்று ஒவ்வொன்றாக இணையத்தில் வாங்க ஆரம்பித்தேன். கடைகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இதுவரை நாற்பது பெட்டிகளாவது வீட்டுக்கு வந்திருக்கும். ஏழெட்டு திரும்பிப் போயிருக்கின்றன. அதில் மூன்று என் தப்பு, அதையும் கீழே சொல்கிறேன். பிள்ளைகளின் அப்பா அம்மா, தெருவில் இருப்பவர்கள், ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் என்று ஆளாளுக்குக் கேட்பதற்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் வாங்குகிறீர்களா?

இல்லை. எடை போட்டு, எண் பார்த்து, ஒரு சாஃப்ட்வேர் ஓட்டி சரிபார்க்க முடிகிற பொருளை இணையத்தில் வாங்குவேன். ரேம், எஸ்எஸ்டி, பென் டிரைவ், ரவுட்டர், கேபிள், பெயர் பெற்ற மாடல் மைக் எல்லாம் இதில் சேரும். என் காதும் கையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொருளுக்குக் கடைக்குத்தான் போவேன். ஸ்பீக்கரின் ஒலியைப் படத்தில் பார்க்க முடியாது. கீபோர்டை அமுக்கிப் பார்க்காமல் வாங்கினால் ஒரு வாரத்தில் விரல் வலிக்கும். தலையில் ஒரு மணி நேரம் மாட்டியிருக்கும் ஹெட்போன் காதை இறுக்குமா என்பதை எந்த நட்சத்திர மதிப்பீடும் சொல்லாது.

ஐந்து ரோடு, நாலு ரோடு பக்கம் உள்ள கடைகளில் விலை இருநூறு முந்நூறு கூடுதலாக இருக்கலாம். பழுதானால் நேரே போய் மேசை மேல் வைத்து "என்னங்க இது?" என்று கேட்க முடிகிறதே, அந்தக் கூடுதல் பணம் அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே பொருள், ஒரே தளம். ஏன் மூன்று விலை?

பெரிய தளங்களில் பெரும்பாலும் தளம் விற்பதில்லை, அதில் கடை போட்டிருக்கும் யாரோ ஒருவர்தான் விற்கிறார். செவ்வாய்ப்பேட்டை கடைத்தெருவை யாரும் ஒரே கடை என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அதே மாதிரிதான். பொருளின் படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் முகவரி, மதிப்பீடு, எத்தனை நாளில் திருப்பி வாங்குவார் என்பதெல்லாம் வரும். விற்பவர் யார், எந்த நாட்டில் செய்த பொருள், புகார்களைக் கவனிக்கும் அதிகாரி யார் என்பதையெல்லாம் காட்ட வேண்டும் என்று 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. எனவே அதைத் தேடிப் பார்ப்பது நம் உரிமை, சந்தேகப் புத்தி இல்லை.

மற்ற எல்லா விற்பனையாளரும் ஒன்பதாயிரம் சொல்லும் பொருளை ஒருவர் மட்டும் நாலாயிரத்து ஐந்நூறுக்குத் தருகிறார் என்றால் அவர் நமக்குத் தள்ளுபடி தரவில்லை. வேறு ஏதோ தருகிறார். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அடுத்த பதில் அந்தக் கதைதான்.

போலி மைக் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கொலுசுத் தராசில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் தெருக் கோயில் பஜனைக் குழுவுக்கு ஒரு மைக் வேண்டும் என்று என்னிடம் பணம் கொடுத்தார்கள். மேடையில் பாடுகிறவர்கள் கையில் உலகம் முழுக்கப் பார்க்கிற ஷ்யூர் எஸ்எம்58தான் வாங்குவது என்று முடிவாயிற்று. 1966 முதல் விற்பனையில் இருக்கும் மாடல் அது. இவ்வளவு காலம் புகழோடு இருந்தால் நகல் எடுப்பவர்களும் வருவார்கள். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. எனக்கு அப்போது அது தெரியாது. பாதி விலைக்கு ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார், கோயில் பணம் மிச்சமாகட்டும் என்று வாங்கிவிட்டேன்.

பெட்டி, உறை, புத்தகம், வாரண்டி அட்டை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பேசினால் சத்தமும் வந்தது. ஆனால் கையில் எடுத்தபோது ஏதோ காலி டப்பா மாதிரி இருந்தது. நிறுவனம் வெளியிட்டிருக்கும் விவரத் தாளில் எடை 298 கிராம் என்று இருந்தது. என்னோடு படித்த தோழி ஒருத்தியின் வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மில்லிகிராம் வரை காட்டும் தராசு அங்கே உண்டு. மைக்கைக் கொண்டுபோய் வைத்தேன். 241 கிராம்தான் காட்டியது. பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "அம்பத்தேழு கிராம் சேதாரம் யாரும்மா போட்டது?" என்று கேட்டார்.

தராசின் மேல் மைக் இருக்கும் படத்தையும், விவரத் தாளில் எடை எழுதியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். விற்றவர் முதலில் "சாதாரண வித்தியாசம்தான்" என்றார். 57 கிராம் சாதாரணம் இல்லை என்று தளத்தின் புகார் பிரிவுக்கு எழுதிய பிறகு பணம் திரும்பி வந்தது. அப்புறம் அதே மாடலை, அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் முழு விலைக்கு வாங்கினோம். மார்கழி பஜனைக்கு இன்றும் அதுதான் ஓடுகிறது.

வீட்டில் பட்டறைத் தராசு இருக்காது, சரி. சமையலறைத் தராசே போதும். மைக், பவர் பேங்க், பவர் சப்ளை ஆகிய மூன்றையும் எடை போடாமல் நான் இப்போது நம்புவதில்லை. உள்ளே செம்பும் இரும்பும் குறைந்தால் எடையில் தெரிந்துவிடும்.

பெட்டி வந்ததும் முதலில் என்ன செய்வது?

போனை யாரிடமாவது கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டில் ஆரம்பித்து, ஆறு பக்கமும் காட்டி, டேப்பை அறுத்து, பொருளின் சீரியல் எண்ணைக் காட்டும்வரை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தி நிறுத்தி எடுத்த வீடியோவுக்கு மதிப்பு குறைவு. வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் செங்கல் இருந்தது என்று நாம் சொல்லும்போது நம்மை நம்ப வேறு என்ன காரணம் இருக்கிறது?

லேப்டாப், போன் போன்றவற்றைக் கொண்டுவந்தவரே நம் கண் முன் பிரித்துக் காட்டும் முறை சில தளங்களில் உண்டு. அப்படி வந்தால் பார்த்து முடித்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அவர் அவசரப்படுவார், அவருக்கு அன்றைக்கு இன்னும் நிறைய வீடு இருக்கிறது. "தம்பி, ரெண்டு நிமிஷம் நில்லுப்பா, தண்ணி குடிக்கிறியா?" என்றால் நின்றுவிடுவார்கள். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

16 டிபி பென் டிரைவ் ஆயிரம் ரூபாய்க்கு வருகிறதே?

வராது. உள்ளே 32 ஜிபி சிப் ஒன்றை வைத்து, கணினி கேட்டால் "நான் 16 டிபி" என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் படங்களை ஏற்றிக்கொண்டே போகலாம், எல்லாம் ஏறுகிற மாதிரியே தெரியும். உண்மையான இடம் நிரம்பியதும் புதிது பழையதின் மேல் எழுதப்படும், அல்லது காற்றில் போகும். கல்யாணப் படங்களைத் திறக்கும்போதுதான் தெரியும்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவசச் சாஃப்ட்வேர்கள் உண்டு. முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். பெரிய டிரைவ் என்றால் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாக நினைக்க வேண்டாம். 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும், அது மோசடி இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. படிக்கும் கணக்கு வேறு, அவ்வளவுதான்.

புது ஹார்ட் டிஸ்க் பழசாக இருக்குமா?

எனக்கு வந்திருக்கிறது. பளபளவென்று பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் சாஃப்ட்வேரில் பார்த்தால், 11,040 மணி நேரம் ஓடியிருந்தது. வகுத்துப் பார்த்தேன், நிற்காமல் 460 நாள். ஏதோ ஒரு கேமரா அறையில் ராப்பகலாக உழைத்து ஓய்வு பெற்ற டிஸ்க் போல. அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பியதும் வாக்குவாதம் இல்லாமல் பணம் வந்துவிட்டது. அந்த மணிக் கணக்கை அழிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எப்போது ஆரம்பித்தது என்றும் பாருங்கள். நாம் நேற்று வாங்கியதற்குப் போன வருஷமே வாரண்டி தொடங்கியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். சில நேரம் பழைய இருப்பு என்பதால் அப்படிக் காட்டும். பில்லை அனுப்பினால் தேதியைத் திருத்திக் கொடுப்பார்கள்.

உங்கள் தப்பு என்று சொன்னீர்களே, அது என்ன?

முதல் தப்பு ரேம். என் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்4 வகை, நான் வாங்கியது அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5. புதியது வேகமாக இருக்குமே என்ற பேராசை. லேப்டாப் ரேமில் டிடிஆர்4க்கு 260 பின் (விளிம்பில் உள்ள தொடுமுனை), டிடிஆர்5க்கு 262 பின், நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். உட்காரவே உட்காராது. மேசைக் கணினியில் இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் அங்கேயும் வெட்டு இடம் மாறும். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்று செய்தவர்களே வைத்த பூட்டு அது. திருப்பி அனுப்பும்போது "பொருளில் குறை" என்று போட்டால் முழுப் பணமும் வரும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். போடவில்லை. அனுப்பும் செலவு போக மீதி வந்தது.

மற்ற இரண்டு தப்பும் மைக். அப்போது எனக்கு இவ்வளவு நேர்மை இல்லை, அல்லது தெரியவில்லை.

மைக்கில் 'ம்ம்ம்' என்று இரைகிறது. திருப்பி அனுப்பவா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன்.

2020இல் வாங்கிய முதல் மைக்கில் பேச்சுக்கு அடியில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். குறையுள்ள பொருள் என்று திருப்பி, ஒற்றை நட்சத்திரமும் கொடுத்தேன். இரண்டாவது வேறு பிராண்ட். அதிலும் வண்டு. அதற்கும் ஒற்றை நட்சத்திரம். மூன்றாவது வந்தது, அதிலும் அதே. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் ஒரு பாடத்தைப் பதிவு செய்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கூடம், கரண்ட் இருந்தால் தறிச் சத்தம் ஓயாது. அன்றைக்குத் தறி நின்றதால் அமைதி என்று நினைத்தேன். திரும்பக் கேட்டபோது வண்டையும் காணோம். தறி நின்றால் தறிச் சத்தம் நிற்கலாம், ரீங்காரம் ஏன் நிற்க வேண்டும்?

மறுநாள் தறி ஓடும்போதே சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன். தறி கேட்டது, ரீங்காரம் இல்லை. சொருகினால் திரும்பவும் வந்தது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும்தான் அந்த வண்டு. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்டைக் கழற்றிவிட்டு, "அக்கா, மேல இருக்கிற பெரிய ஓட்டைல வயரே இல்லீங்க" என்றார். எர்த்தே கொடுக்காமல் வீட்டைக் கட்டி முடித்திருக்கிறார்கள். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருந்ததும் அதனால்தான். சார்ஜருக்குள் உள்ள வடிகட்டி மின்தேக்கி வழியே கசியும் சிறு மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை. நம் விரல் வழியாகவும் மைக் கேபிள் வழியாகவும் போகிறது. இதைப் பாடமாக நடத்துகிறவளுக்கே மூன்று மைக் தேவைப்பட்டது.

எர்த் குழி வெட்டி, வயர் இழுத்ததும் சரியாகிவிட்டது. மூன்று முள் சார்ஜரின் மேல் முள்ளை உடைத்து இரண்டு ஓட்டையில் சொருகும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மைக்குக்கும் கொடுத்த ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றப் பார்த்தேன். ஒன்றை மாற்ற முடிந்தது, இன்னொன்றில் பொருளே விற்பனையில் இல்லை.

தறிச் சத்தம், ஃபேன் சத்தம் உள்ள வீட்டுக்கு எந்த மைக்?

டைனமிக் வகை. கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும் என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான், அதுதான் பிரச்சினையும். தறி, சீலிங் ஃபேன், குக்கர் விசில், தெருவில் போகும் பழைய பேப்பர்காரர் எல்லோரையும் நுணுக்கமாகக் கேட்கும். பல கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் தரும் தனிக் கருவியும் வேண்டும். டைனமிக் மைக் அசடு மாதிரி, வாயருகே வைத்துப் பேசினால்தான் கேட்கும். எங்கள் வீட்டுக்கு அந்த அசடுதான் சரி.

சட்டையில் குத்தும் சின்ன மைக்கை போனில் சொருகினால் வேலை செய்யவில்லை என்பவர்கள் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். போனுக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டுதான் இருந்தால் நூறு ரூபாய்க்குள் ஒரு இணைப்பான் கிடைக்கும், மைக்கில் குறை இல்லை.

5000 வாட்ஸ் ஸ்பீக்கர்?

பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று பாருங்கள். 40 என்று இருக்கும். 40 வாட் உள்ளே போய் 5000 வாட் வெளியே வந்தால் மேட்டூரில் அணை எதற்கு? பெட்டியில் போடுவது பிஎம்பிஓ என்ற விளம்பரக் கணக்கு. அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது. தொடர்ந்து தரும் திறனைச் சொல்வது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண், அதை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த எண்ணே போடாத ஸ்பீக்கரை நான் தொடுவதில்லை.

ப்ளூடூத் ஹெட்போன் போதுமா?

பாட்டுக் கேட்க, பாடம் கவனிக்கப் போதும். பாடிப் பதிவு செய்யவும் கீபோர்டு வாசிக்கவும் ஆகாது. ஒலி வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தாமதமாகும், தாளம் தப்பும். வயர் ஹெட்போன் வாங்குங்கள். போனில் கேட்பதற்கு என்றால் 32 ஓம் பக்கம் உள்ளதை எடுங்கள். 250 ஓம் என்று ஸ்டுடியோக்காரர்கள் வாங்குவதை வாங்கினால் முழு வால்யூமிலும் கிசுகிசுக்கும்.

ஏற்காட்டுக்கு டெலிவரி வருமா?

பின்கோடு 636601 போட்டால் தளம் "வரும்" என்றுதான் சொல்லும். ஏற்காடு டவுனில் ஏரிப் பக்கம், கடைவீதிப் பக்கம் இருந்தால் வந்தும்விடும். என் நாத்தனார் வீடு நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவில். கதவு எண் கிடையாது, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம்தான் அடையாளம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேலும் தோட்டப் பாதையில் ஒரு சின்னப் பெட்டிக்காக யார் வருவார்கள்? "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அன்று முழுக்க அவர்கள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை ஓடிபி. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பெட்டியோடு ஆள் வந்து நிற்கிறார், ஓடிபி வந்திருக்கிறது, அதைப் பார்க்க மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறி இறங்குவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். இரண்டு தடவை இப்படி ஆன பிறகு, பெரிய பொருளுக்கு என் அம்மாபேட்டை முகவரியும் என் போன் எண்ணும் கொடுக்கிறார்கள். நான் இங்கேயே பிரித்துச் சரிபார்த்து, அவர்கள் சந்தைக்கு இறங்கும் நாளில் கொடுத்துவிடுவேன். சின்னப் பொருள் என்றால் தபாலில் அனுப்பும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கிறோம். தபால்காரருக்கு அந்த மரம் தெரியும்.

மழைக்காலத்தில் தேதியை நம்பாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது நாத்தனார் வீட்டு வைஃபை ரவுட்டர் அடிவாரத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு யாரையும் திட்ட முடியாது.

மலையில் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. அங்கே பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். மைக், கேமரா லென்ஸ், ஸ்பீக்கர் காகிதம் எல்லாவற்றுக்கும் ஈரம் எதிரி. பூஞ்சை பிடித்த பிறகு அதை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் சூடாக்கினால் மறுபடி பயன்படும். அரிசி டப்பாவில் போடுவது வேண்டாம், தூசிதான் ஏறும். குளிரில் இருந்த கருவியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து உடனே பையைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் மேல் வேர்ப்பது போல அதன் மேல் நீர் படியும். ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

லேப்டாப் வாங்கும்போது?

சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஐஎஸ் எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். தனியாக விற்கும் மலிவு சார்ஜர்களில்தான் இது முக்கியம். சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருக்கிறதா, பொருளை வாங்கிக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பும் இடம் மட்டும்தானா என்று போன் போட்டுக் கேளுங்கள். தொழிலுக்கு வாங்குபவர்கள் ஆர்டர் போடும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவில் எடுக்கலாம். பிறகு பில்லில் சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் முடியாது என்பார்கள்.

கூடைக்குள் நாம் போடாத "கூடுதல் வாரண்டி" தானாக வந்து உட்கார்ந்திருக்கும். இப்படிச் செய்யக் கூடாது என்று 2023 நவம்பரிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன், காய்கறிக் கடையில் பார்ப்பது போல.

நோ காஸ்ட் இஎம்ஐ உண்மையில் இலவசமா?

கிட்டத்தட்ட. வட்டித் தொகையை விலையில் கழித்துவிடுவார்கள், ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி இதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிவ்யூக்களை நம்பலாமா?

ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்றைப் படியுங்கள். மூன்று கொடுப்பவர் யோசித்துக் கொடுத்திருப்பார். ஒன்று கொடுப்பவர்களில் என்னைப் போல எர்த் இல்லாதவர்கள் இருப்பார்கள். புதியது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். ஹெட்போன் பக்கத்தில் "துணி சாயம் போகவில்லை" என்ற பாராட்டைப் பார்த்திருக்கிறேன். பழைய பொருளின் பக்கத்தை அப்படியே புதியதற்கு மாற்றியிருக்கிறார்கள்.

பணமும் தரவில்லை, பொருளும் மாற்றவில்லை. யாரிடம் போவது?

எனக்கு ஒரு மானிட்டர் திரையில் கோடு விழுந்து வந்தது. "நீங்கள் இடித்திருப்பீர்கள்" என்றார் விற்றவர். வீடியோ இருந்ததால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது, பயம் வரவில்லை.

செய்தது இதுதான். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஆர்டர் எண், தேதி, படம், வீடியோ இணைப்போடு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது என்பதும் அதே 2020 விதிகளில் இருக்கிறது. அந்த வரியை மின்னஞ்சலில் எழுதினேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் பதிவு செய்தேன். பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது.

வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் நமக்குச் சாதகமான மாற்றம் ஒன்று உண்டு. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே, அதாவது சேலத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினால் நிறைய வருகிறதே?

தேடவே தேடாதீர்கள். தேடலில் முதலில் வருவது திருடன் போட்ட எண்ணாக இருக்கலாம். தளத்தின் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி மட்டும்தான். பணம் திருப்பித் தர யாருக்கும் உங்கள் யுபிஐ பின் தேவையில்லை. திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் அந்த நிமிஷமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் போன பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

யூபிஎஸ்?

600 விஏ என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான். கணினி, மானிட்டர், ரவுட்டர் தாங்கும். லேசர் பிரின்டரை அதில் சொருகாதீர்கள். பேட்டரி கனமான பொருள் என்பதால் இதையும் உள்ளூரிலேயே வாங்குங்கள், இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி மாற்ற அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

காலிப் பெட்டிகளை எப்போது தூக்கிப் போடலாம்?

கேபிள், பென் டிரைவ் பெட்டிகளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததும் போடலாம். மானிட்டர், ஸ்பீக்கர் பெட்டிகளை வாரண்டி முடியும்வரை தெர்மாக்கோலோடு வைத்திருங்கள், சர்வீஸுக்கு அனுப்ப அதுபோல் வேறு பெட்டி கிடைக்காது. எங்கள் வீட்டுப் பரண் அதனால்தான் நிரம்பிக் கிடக்கிறது. அங்கே என் கட்டுப்பாடு செல்லாது. போன மே மாதம் மானிட்டர் பெட்டியைத் தேடினேன். மாமியார் அதில் வைக்கோல் போட்டு, இரண்டு டஜன் மல்கோவா அடுக்கி, சென்னையில் இருக்கும் அவர் தங்கைக்கு அனுப்பிவிட்டிருந்தார். ஒரு பழம்கூட நசுங்கவில்லையாம். மானிட்டருக்கு இன்னும் பதினான்கு மாதம் வாரண்டி இருக்கிறது.